‘கட்டி முடித்த 9 இன்ச் ஆக்சில்’ வாங்கப் போகிறீர்களா? ஷாஃப்டை வெளியே இழுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஹாட் ராட் (பழைய காரில் பலமான எஞ்சின் போட்டு மாற்றியது) கட்டுகிறவர்கள், அதிலும் கலிபோர்னியா பக்கம் பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள். ‘அப்படியே மாட்டி ஓட்டலாம்’ என்று சொல்லி விற்ற ஒரு ஃபோர்டு 9 இன்ச் ரியர் ஆக்சிலுக்கு (பின்சக்கர அச்சுத் தொகுப்பு) மூவாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தேன். உள்ளே இருந்தது நடுவில் வெட்டி, வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்த ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றும் தண்டு. அந்த வண்டியில் என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஃப்ரீவேயில் போயிருக்கிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன்.

கார் 1940 ஃபோர்டு கூப். கம்பெனியில் இருந்து வந்தபோது அதில் 85 குதிரைத்திறன் ஃபிளாட்ஹெட் வி8, அதற்கேற்ற பழைய பாஞ்சோ ஆக்சில். அந்த ஆக்சில் ஷாஃப்டின் முனை கூம்பு மாதிரி இருக்கும், ஒரு சாவிக்கட்டையை நம்பி ஹப் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த எஞ்சினுக்கு அது போதும். நான் போட்டிருப்பது ஷெவி 350 எஞ்சின், நாலு கியர் மேனுவல் பாக்ஸ். கிளட்சைப் பட்டென்று விட்டால் அந்த அடி முழுக்க நேராகப் பின்னால்தான் இறங்கும், பழைய ஆக்சில் தாங்கவே தாங்காது. அதனால் மாற்றியே ஆக வேண்டும்.

எதை மாற்றுவது என்று நிறைய யோசித்தேன். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 8.8 இன்ச் ஆக்சில், அதாவது 1995 முதல் 2001 வரை வந்தது, பழைய சாமான் யார்டில் மலிவாகக் கிடைக்கும், 31 ஸ்ப்லைன் (ஷாஃப்டின் உள்முனையில் வெட்டிய பற்கள்), டிஸ்க் பிரேக்கோடு வரும். நல்ல சாமான்தான். ஆனால் அதில் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் (இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் நடுப் பகுதி) இருக்கும் ஒரு சின்ன சி கிளிப், ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரம் கழன்று வெளியே வரலாம். எஞ்சின் சுற்றை உள்ளே கொண்டுவரும் சின்னப் பல்சக்கரமான பினியனும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். ஃபோர்டு 8 இன்ச்சை நிறைய பேர் கேவலமாகப் பேசுகிறார்கள், அது நியாயமே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர், ஒல்லி டயர், முந்நூறு குதிரைத்திறனுக்குள் எஞ்சின், எடை குறைந்த வண்டி என்றால் 8 இன்ச் தாராளமாகப் போதும், காசும் மிச்சம். டேனா 60 என்ற ஆக்சில் லாரிக்கான எடை, என் கூப்புக்கு அது வீண் சுமை.

எனக்கு மேனுவல் பாக்ஸ், அகல டயர். அதனால் 9 இன்ச். 1957ல் வந்து 1986 வரை ஃபோர்டு போட்ட ஆக்சில் அது. பினியன் மையத்தில் இருந்து 2¼ அங்குலம் கீழே இறங்கி கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தோடு (9 இன்ச் என்பது அதன் விட்டம்) சேர்வதால் பல்லோடு பல் சேரும் பரப்பு அதிகம். பினியனின் வாலை இன்னொரு பேரிங் தாங்குவதால் பாரம் ஏறும்போது அது விலகிப் போகாது. இதற்காகக் கொஞ்சம் சக்தி வீணாகத்தான் போகும், பரவாயில்லை. சி கிளிப்பும் கிடையாது. ஷாஃப்டின் வெளி முனையில் பேரிங்கை அழுத்திப் பொருத்தி, ஒரு தகடு வைத்து நாலு போல்ட்டில் கட்டியிருப்பார்கள்.

என்ன வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன், அவர்களும் இன்வாய்ஸில் வரிவரியாக எழுதிக் கொடுத்தார்கள். நாடுலர் இரும்பு (சாதாரண வார்ப்பிரும்பைவிட உறுதியானது) கேஸ். 31 ஸ்ப்லைன் புது ஷாஃப்ட். 3.50 கியர், டிராக்‌ஷன் லாக் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுப்பது). ஜிக்கில் (நேராகப் பிடித்து வைக்கும் சட்டம்) வைத்துக் குறுக்கிய ஹவுசிங் (ஷாஃப்ட் இருக்கும் வெளிக்கூடு). புது பேரிங், புது சீல். சக்கரத்துக்கு 5½ அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட், ஏனென்றால் 1940 ஃபோர்டின் வீல் அந்த அளவு. வந்து இறங்கியபோது பார்க்க அவ்வளவு அழகு, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். டிஃபரன்ஷியல் போல்ட்டில் 3எல்50 என்று அடித்த ஒரு தகரச் சீட்டுகூடத் தொங்கியது. நடுவில் எல் இருந்தால் லிமிட்டட் ஸ்லிப் (அந்த லாக் வகை) என்று அர்த்தம், 9 இன்ச் தெரிந்தவன் யாரும் அதைப் பார்த்ததும் நம்பிவிடுவான். அதைத் தெரிந்துதான் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நாற்பது மைல் வேகத்தில் ஊளைச் சத்தம், இடது டிரம்முக்குள் எண்ணெய்க் கசிவு. கடைக்குப் போன் செய்தால் “புது கியர் சார், ஐந்நூறு மைல் ஓடட்டும், தானாக அடங்கிவிடும்” என்றார்கள். கியர் பழக வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய் சீல் எதற்குப் பழக வேண்டும்? அதற்குப் பதில் இல்லை. அடுத்த முறை போனை எடுக்கவும் இல்லை.

எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகையில் வேகம் பார்க்க ஓடும் கார்களுக்கு ஆக்சில் கட்டித் தரும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். டிரம்மைக் கழற்றி, ஃபிளேஞ்சில் (சக்கரம் பூட்டும் தட்டு) உள்ள ஓட்டை வழியாக நாலு நட்டையும் எடுத்து, ஷாஃப்டை இழுத்தார். வரவில்லை. ஸ்லைடு சுத்தியல் போட்டு அடித்துத்தான் வந்தது. வெளியே எடுத்ததும் அவர் முதலில் கேட்டது, “ஷாஃப்டுக்கு யார் பெயிண்ட் அடித்தது?” எண்ணெயில் ஊறுகிற ஷாஃப்டுக்கு யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். பல்லை எண்ணினோம், 28. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பேரிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஷாஃப்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு பட்டை, கிரைண்டரில் மட்டம் செய்த வெல்டிங், இரண்டு ஓரத்திலும் நீலம் பாய்ந்த இரும்பு. வலது ஷாஃப்டும் அதே கதை.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் அவர்தான் விளக்கினார். ஃபோர்டின் பழைய 28 ஸ்ப்லைன் ஷாஃப்ட், பல் முடிந்த இடத்திலிருந்து மெலிந்துகொண்டு போகும். முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் பல் போட அங்கே சதை இல்லை. குறுக்க வேண்டுமென்றால் புது ஷாஃப்ட்தான் வாங்க வேண்டும், ஜோடி பல நூறு டாலர். அந்தக் காசை அமுக்க நடுவில் வெட்டி ஒட்டிவிட்டார்கள். ஷாஃப்டின் மேல்தோலை இண்டக்‌ஷன் முறையில் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள், அதன் பலமே அதில்தான் இருக்கிறது. அதன் மேல் வெல்டிங் வைத்தால் ஓர் இடம் இளகும், பக்கத்து இடம் உடையும் பதத்துக்குப் போகும். 9 இன்ச்சில் அந்த இடத்தில் ஒடிந்தால் வெளிப் பேரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பின்னால் பெரிய டிரக்குகள் வரும் லேனில் வண்டிக்குத் திடீரென்று இழுவையே இல்லாமல் போகும். அந்த ஆறுதலுக்கும் எனக்கு இடம் வைக்கவில்லை, ஏனென்றால் ஹவுசிங்கின் இரண்டு முனையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நேர் பார்க்கும் அவருடைய அலைன்மென்ட் கம்பி இடது பக்கம் நுழையவே மறுத்தது. ஷாஃப்ட் கோணலாகச் சுற்றி, சீலைத் தின்று, பேரிங்கையும் சூடாக்கிக் கறுக்க வைத்திருந்தது. அந்தப் பேரிங் போனால்தான் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வரும்.

மற்றதெல்லாம் அதே லட்சணம். கேஸின் நெற்றியில் நாடுலர் இரும்புக்கு அடையாளமாக ஆங்கில ‘என்’ எழுத்து வார்ப்பிலேயே புடைத்திருக்க வேண்டும். என்னுடையதில் அது வெல்டிங் ராடால் எழுதி, மேலே கெட்டியாகப் பெயிண்ட் பூசியது. சுரண்டியதும் தெரிந்துவிட்டது. கிரவுனில் 39 பல், பினியனில் 13, அதாவது 3.00. டிராக்‌ஷன் லாக் கிடையாது, சாதாரண ஓபன் டிஃபரன்ஷியல். அந்தச் சீட்டு வேறு எந்த வண்டியிலிருந்தோ கழற்றியது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு, விற்கிறவன் நல்லவன் என்றால் மறுக்க மாட்டான். 8 இன்ச்சை 9 என்று சொல்லித் தள்ளுகிறவர்களும் இருப்பதால் முதலில் டிஃபரன்ஷியல் நட்டுகளைப் பாருங்கள். எல்லா நட்டிலும் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் அது 8 இன்ச். 9 இன்ச்சில் அடியில் இருக்கும் நட்டுகளுக்கு சாக்கெட் போகாது, பாக்ஸ் ஸ்பேனர்தான். அப்புறம் ஒரு பக்கத்து ஃபிளேஞ்சைக் கையால் சுற்றுங்கள், மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றினால் அது ஓபன். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால், சக்கரம் ஒரு சுற்று வரும்போது பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள், 3.50 என்றால் மூன்றரைச் சுற்று. சீட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடைசியாக, நாலு நட்டைக் கழற்றி ஷாஃப்டை உங்கள் கண்முன்னே இழுக்கச் சொல்லுங்கள். நேரான ஹவுசிங்கில் அது திரும்பக் கையாலேயே உள்ளே போக வேண்டும், பேரிங் உட்காரும் கடைசி இடத்தில் மட்டும் லேசாகத் தட்டினால் போதும். “பிரித்தால் வாரன்டி போய்விடும்” என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

கடைக்காரர் இப்போது “நீங்கள்தான் ஷாஃப்டை மாற்றியிருப்பீர்கள்” என்கிறார். வந்து இறங்கிய அன்றே பெட்டியிலிருந்து எடுக்கும்போது எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, ஹவுசிங்கில் அவர் அடித்த அதே பெயிண்ட்தான் ஷாஃப்டிலும் இருக்கிறது. கார்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஸ்டேட்மெண்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், போனில் சொன்னால் சட்டப் பாதுகாப்புக்கு அது போதாது. அதோடு ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்கு) கோர்ட்டிலும் போட்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைத்து வாதாட முடியாது, அதனால் வக்கீலை அனுப்பிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பெரியவர் தன் லெட்டர்ஹெட்டில் பல் எண்ணிக்கை, கம்பி நுழையாதது, வெல்டிங் இருந்த இடம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இந்த மாதிரி புதுப் பெயிண்ட் அடித்த, குறுக்கிய 9 இன்ச்சை ஏற்கெனவே வாங்கி மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், வண்டியை அடுத்த தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஜாக்கி போட்டு இரண்டு ஷாஃப்டையும் வெளியே எடுங்கள். கம்பி பிரஷ்ஷால் முழு நீளமும் தேய்த்துப் பாருங்கள். வளையம் மாதிரி எதாவது தெரிந்தால் படம் எடுத்து வையுங்கள், ஷாஃப்டைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கோர்ட்டில் காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.