பவானி ஜமக்காளம்: அமுச்சி சொன்னபடி நகத்தால் நவுத்திப் பார்த்து வாங்கியது

அமுச்சியோட (அம்மாவைப் பெற்ற பாட்டி) வருஷ திதிக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு ஜமக்காளம் வேண்டுமென்று போன மாதம் பவானிக்கே போய், ஒரு கைத்தறிச் சங்கக் கடையில் வாங்கினேன். 6 அடிக்கு 9 அடி, சிவப்பும் பச்சையும் பட்டை, நுனியில் குஞ்சம், நல்ல கனம்.

அமுச்சி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண் மங்கும் வரைக்கும் ஜமக்காளத் தறியில்தான் இருந்தது. அகலமான ஜமக்காளத்துக்குத் தறிக்குழியில் இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒருவர் தள்ளும் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) மறுமுனையில் இருப்பவர் பிடித்துத் திருப்பித் தள்ள வேண்டும். ஒரு முனையில் அப்புச்சி (தாத்தா), மறுமுனையில் அமுச்சி. அப்புச்சி போன பிறகு அந்த இடத்தில் பெரிய மாமா உட்கார்ந்தார், அமுச்சி தன் இடத்தை விட்டு நகரவில்லை. நாடா பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் ஒரு காய்ப்பு, எனக்குத் தலை வாரிவிடும்போது முடி அதில் மாட்டி இழுக்கும், நான் கத்துவேன். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் நெசவு கிடையாது, நெசவில்லை என்றால் கூலியும் கிடையாது, அந்த வாரமெல்லாம் ராகிக் களிதான். அதிலும் அம்மாவைப் பத்தாவது வரை படிக்க வைத்தது. வீட்டில் விரிக்கக் கிடந்தது, பட்டை கோணிப்போனதென்று திரும்பி வந்த ஒரே ஒரு ஜமக்காளம்.

சரி, சரக்குக்கு வருகிறேன். "கண்ணு, பட்டை நூல நகத்தால நவுத்திப் பாரு, நவுந்துச்சுன்னா வாங்காத" என்று அமுச்சி சொல்லும். நவுத்திப் பார்த்தேன், அசையவில்லை. கரையும் நேராக இருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, 1985ஆம் வருஷச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டது, ஆனாலும் விசைத்தறிச் சரக்கு இதே பெயரில் விற்கிறது. விலை குறைவென்று அதை வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

குறை இரண்டு. முதல் அலசலில் சிவப்புச் சாயம் இறங்கியது, கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுங்கள். குஞ்சத்தில் மூன்று முடிச்சு அவிழ்ந்தே வந்தது. அம்மா அதை வாங்கி, கண்ணாடிகூடப் போடாமல் விரலால் தடவித் தடவியே முடிச்சுப் போட்டுவிட்டது.

திதியன்று பெரிய மாமா உட்காரும் முன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒத்த கையா அடிச்சிருக்காங்க" என்றார். அக்கா வீட்டுக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.