லூசெர்னின் இரு கூரைப் பாலங்கள்: எதற்கு அதிக நேரம் ஒதுக்கலாம்?

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ரொய்ஸ் ஆற்றைக் கடக்கும் இரண்டு பழைய மரப்பாலங்களுக்கும் கட்டணம் கிடையாது, எந்நேரமும் நடக்கலாம். சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கபெல் பாலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். என் மதிப்பீட்டில், ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே இருக்கும் ஸ்ப்ராயர் பாலத்துக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கபெல் பாலம் 14ஆம் நூற்றாண்டில் நகரின் அரணில் ஒரு பகுதியாக எழுந்தது. அருகிலுள்ள புனித பேதுரு சிற்றாலயமே அதற்குப் பெயர் தந்தது. முதலில் 270 மீட்டருக்கு மேல் நீண்டிருந்த பாலம், கரையை மேடாக்கி ஆற்றைக் குறுக்கியதால், இன்று சுமார் 200 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அதையொட்டி நிற்கும் எண்கோணக் கல்கோபுரம் பாலத்தைவிட மூத்தது. கருவூலமாகவும் ஆவணக் காப்பகமாகவும் சிறையாகவும் பயன்பட்டது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று எண்ணி வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அது பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை.

1993 ஆகஸ்டில் ஓர் இரவில் பிடித்த தீ பாலத்தின் பெரும்பகுதியை எரித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மன் குழுவினர் தீட்டிய, கூரைச் சட்டங்களுக்கிடையே தொங்கிய முக்கோண ஓவியங்களில் பாதிக்கு மேல் அழிந்தன. நகரம் தயங்கவில்லை, 1994 ஏப்ரலிலேயே பாலம் மறுபடியும் திறக்கப்பட்டது. ஆகவே நாம் இன்று நடப்பது பெரும்பாலும் புது மரத்தின்மேல்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மரப்பாலம் எப்போதுமே இற்றுப்போன துண்டை எடுத்துப் புதுத் துண்டைப் பொருத்தித்தான் வாழ்ந்து வந்திருக்கிறது. கூரை போடுவதன் நோக்கமும் அதுவே: மழையும் பனியும் மூட்டுகளில் இறங்கித் தங்கினால் தாங்குமரம் மக்கிவிடும், கூரை அந்த ஈரத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, வேண்டும்போது எளிதில் மாற்றப்படும். கரிந்த பலகைகள் சிலவற்றை மறைக்காமல் அவற்றின் இடத்திலேயே விட்டிருப்பது நேர்மையான முடிவு. நிமிர்ந்து பார்க்கையில், ஓரம் கருகிச் சுருண்ட பலகைக்கு அடுத்து வண்ணம் மங்காத ஓவியம் தொங்குவதைக் காணலாம்.

நண்பகலில் போகாதீர்கள். நடுவில் நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தால் ஓவியங்களை வரிசையாகப் பார்க்கவே முடியாது. ஓவியங்களுக்குக் கீழே உள்ள பாடல்கள் பழைய ஜெர்மனில் இருப்பதால், கதை தெரிய வேண்டுமெனில் வழிகாட்டியுடன் செல்வது நல்லது. கோபுரத்தருகே உள்ள நினைவுப்பொருள் கடையைத் தவறவிட்டாலும் நட்டமில்லை.

ஸ்ப்ராயர் பாலத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1408இல் முடிந்த இந்தப் பாலத்தின் பெயர் உமியைக் குறிக்கிறது. ஆற்றின் போக்கில் அன்று ஊரின் கடைசிப் பாலமாக இருந்ததால், ஆலைகளின் உமியையும் இலைச்சருகையும் ஆற்றில் கொட்ட இங்கேதான் அனுமதி இருந்தது. 1566 வெள்ளம் அடித்துச் சென்றபின் மறுபடி கட்டினார்கள். நடுவே 1568இல் ஒரு சிற்றாலயமும் அமைத்தார்கள். உட்புறத்தில் 1626 முதல் 1635 வரை காஸ்பர் மெக்லிங்கர் வழிநடத்திய 'மரண நடனம்' தொடர்: 67 பலகைகளில் 45 எஞ்சியிருக்கின்றன. செல்வரையும் குருமாரையும் உழவரையும் எலும்புக்கூடு ஒன்றே கைபிடித்து அழைத்துப் போகிறது. அதன் முகத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. கபெல் பாலத்தின் புனிதர் கதைகளில் அது இல்லை. படங்களுக்குப் பணம் கொடுத்தவர்களின் குலச்சின்னங்களும் அந்தப் பலகைகளிலேயே வரையப்பட்டுள்ளன.

மங்கிய வெளிச்சத்தில் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டியிருப்பதுதான் இங்கே உள்ள அசௌகரியம். நிதானமாகப் பார்ப்பவர்கள் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளவும். கபெல் பாலத்துக்கு ஐந்தில் நான்கு, ஸ்ப்ராயர் பாலத்துக்கு முழு ஐந்து.