ஓஇடி மெடிசின் தேர்வு: பிரிட்டன் போக நினைக்கும் டாக்டருக்கு ஐஎல்ட்ஸை விட இது மேலா?

பிரிட்டனில் பிராக்டிஸ் செய்ய, அங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஜிஎம்சியின் பதிவு வேண்டும். அதற்காக வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் எழுதும் இரண்டு கட்டத் தேர்வுதான் பிளாப்; அதன் முதல் தேர்வுக்கு இடம் புக் செய்வதற்கு முன்பே ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்டியாக வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் படித்தவர்களில் பெரும்பாலோர் இதற்குப் பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐஎல்ட்ஸ் அகாடமிக் எழுதுகிறார்கள், அல்லது டாக்டர்களுக்கான மருத்துவ ஆங்கிலத் தேர்வான ஓஇடி மெடிசின். ஐஎல்ட்ஸ் என்றால் மொத்தத்தில் 7.5, எந்தப் பகுதியிலும் 7.0-க்குக் குறையக் கூடாது. ஓஇடி என்றால் நான்கு பகுதியிலும் தனித்தனியே பி கிரேடு, அதாவது 500-க்கு 350. இரண்டிலுமே எல்லா மதிப்பெண்ணும் ஒரே அமர்வில் வந்திருக்க வேண்டும்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறோம்: வார்டில் வேலை பார்க்கும் டாக்டருக்கு ஓஇடிதான் நல்ல தேர்வு. கட்டணம் அதிகம்தான். நெடுங்காலமாக 587 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது, ஐஎல்ட்ஸை விடக் கணிசமாகக் கூடுதல். ஆனால் ஐஎல்ட்ஸ் ரைட்டிங்கில் நகரமயமாக்கலைப் பற்றி 250 சொல் கட்டுரை எழுதி 7.0 வாங்க முடியாமல் மாதக்கணக்கில் தேங்கி நிற்பவர்களுக்கு, நோயாளியை வேறு டாக்டரிடம் அனுப்பத் தினமும் எழுதுகிற ரெஃபரல் கடிதத்தையே தேர்வாக எழுதுவது பெரிய விடுதலை. 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டில் படித்த மருத்துவப் பணியாளர்களுக்காகவே உருவான தேர்வு இது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது எல்லாமே நோயாளியைச் சுற்றித்தான்.

லிஸனிங் சுமார் 45 நிமிடம், 42 கேள்வி. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். ஏ பகுதியில் இரண்டு கன்சல்டேஷன், 24 கோடிட்ட இடம். காதில் விழுந்த சொல்லையே எழுத வேண்டும். நோயாளி சொன்னதை உங்கள் டயக்னாஸிஸாக மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகாதவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு விடை தப்பினால் அதை விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள். போனதை யோசித்துக்கொண்டிருந்தால் பின்னால் வரும் மூன்று விடையும் கூடவே போய்விடும்.

ரீடிங் 60 நிமிடம். அதில் ஏ பகுதிக்கு 15 நிமிடம்தான், 20 கேள்வி, ஒரே நோயைப் பற்றிய நான்கு சிறு குறிப்புகள். நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி முடிந்தது, திரும்பிப் போக முடியாது. இங்கே ஸ்பெல்லிங் பிழையோடு எழுதிய விடைக்கு மதிப்பெண் கிடையாது. மருந்தின் பெயரையும் அளவையும் குறிப்பில் உள்ளபடியே பார்த்து எழுதுங்கள். நான்கையும் முழுதாகப் படிக்க உட்கார வேண்டாம். தலைப்பை மட்டும் பார்த்து எதில் டோஸ் அட்டவணை, எதில் அறிகுறி, எதில் செய்முறை என்று மனதில் குறித்துக்கொண்டு நேரே கேள்விக்குப் போக வேண்டும். சி பகுதியின் இரண்டு நீண்ட கட்டுரைகளில் கட்டுரையாளரின் மனப்பாங்கைக் கேட்பார்கள். மருத்துவ அறிவை வைத்துப் பதில் சொல்லும் அனுபவசாலிகள்தான் அங்கே தவறவிடுகிறார்கள்.

ரைட்டிங்தான் இந்தத் தேர்வின் மையம். பி கிரேடு கிடைக்காமல் திரும்புகிறவர்களில் நிறையப் பேருக்கு ஆங்கிலம் குறையில்லை, பொறுக்கி எடுக்கும் பழக்கம்தான் குறை. முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸ் படிக்க மட்டும், எழுதக் கூடாது. பிறகு 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லில் கடிதம். நோட்ஸில் உள்ளதில் கணிசமான பகுதி வேண்டாதது, வேண்டுமென்றே போட்டு வைத்தது.

ஒரு மாதிரியைப் பாருங்கள். 58 வயது சர்க்கரை நோயாளி, வலது பாதத்தில் ஆறு வாரமாக ஆறாத புண், பாதத்தில் நாடித்துடிப்பு கைக்குக் கிடைக்கவில்லை, புகைபிடிப்பவர், பென்சிலின் அலர்ஜி, எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி சர்க்கரை அளவு) கூடுதல், இளவயதில் குடல்வால் அறுவை, போன வருடம் தோள்வலிக்கு பிசியோ, மகளோடு வசிக்கிறார். கடிதம் ரத்தநாள அறுவை நிபுணருக்கு என்றால் புண், நாடி, புகை, சர்க்கரை, அலர்ஜி, தற்போதைய மருந்துகள் உள்ளே வர வேண்டும். குடல்வாலும் தோள்வலியும் வெளியே. அதே நோட்ஸை வைத்து, வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்ஸுக்கு எழுதச் சொன்னால் மகளோடு வசிக்கிறார் என்ற வரி முக்கியமாகிவிடும், எந்த டிரெஸ்ஸிங், வாரத்துக்கு எத்தனை தடவை என்பதும் வேண்டும். வாசிப்பவர் மாறினால் கடிதமும் மாறும். கோச்சிங் சென்டர்களில் மனப்பாடம் செய்விக்கும் டெம்ப்ளேட் இதனால்தான் உதவுவதில்லை. மதிப்பிடுபவர் தேடுவது உங்கள் தேர்ந்தெடுப்பை.

ஆறு அளவுகோலில் நோக்கம் என்பதற்கு 3 மதிப்பெண், மற்ற ஐந்துக்கும் தலா 7. நோக்கத்துக்கு முழு மதிப்பெண் வேண்டுமானால் முதல் பத்தியிலேயே யாருக்காக, எதற்காக, எவ்வளவு அவசரம் என்பது வந்துவிட வேண்டும். கடந்தகால வரலாற்றில் தொடங்கி, என்ன வேண்டும் என்பதைக் கடைசிப் பத்தியில் முதல்முறையாகச் சொன்னால் அங்கேயே இழப்பு.

நம் ஊர் மருத்துவ ஆங்கிலத்தில் களைய வேண்டியவை சில உண்டு. ‘நோன் கேஸ் ஆஃப் டயாபெடிஸ்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரி நடையில் எழுதாதீர்கள். ‘ஷி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்பது ‘ஷி ஹாஸ் ஹாட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்று மாற வேண்டும். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ அடியோடு வேண்டாம், நிபுணர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நோட்ஸில் உள்ள சுருக்கெழுத்துகளை அப்படியே இறக்காமல் முழு வாக்கியமாக்குங்கள்.

ஸ்பீக்கிங் 20 நிமிடம். இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் அட்டையைப் படிக்க, சுமார் 5 நிமிடம் பேச. எதிரில் நோயாளியாக நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு மதிப்பீட்டாளர்கள் போடுகிறார்கள். அதனால் தலையாட்டலும் புன்னகையும் கணக்கில் வராது, அக்கறை குரலிலும் சொல்லிலும் வந்தாக வேண்டும். தமிழ் வாடை அடிக்கும் உச்சரிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம், புரிந்தால் போதும். நெரிசலான ஓபி பழக்கம்தான் ஆபத்து: அடுக்கடுக்காகக் கேள்வி, நடுவில் குறுக்கீடு, நோயாளி பயந்தால் ‘நத்திங் டு வொரி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், அவர் சொன்ன சொல்லையே எடுத்து விளக்கத்தில் சேருங்கள், புரிந்ததா என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். அட்டையிலுள்ள எல்லாப் பணியையும் முடிக்காவிட்டாலும் அதற்காக மதிப்பெண் குறையாது. முடிக்கும் அவசரத்தில் கொட்டித் தீர்த்தால் குறையும்.

நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் சேர்த்து வகுப்பு நடக்கும் இடங்களில் ஒரு குழப்பம் வருகிறது. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி, ரைட்டிங்கில் பி-க்கு அடுத்த கீழ்ப்படியான சி பிளஸ் இருந்தாலும் ஏற்கும், நிபந்தனைகளோடு இரண்டு அமர்வு மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்ளவும் விடும். ஜிஎம்சி இரண்டையும் ஏற்பதில்லை. ரைட்டிங்கில் 340 வந்தால் டாக்டர் நான்கையும் மறுபடி எழுத வேண்டும், முழுக் கட்டணத்தோடு. இந்தத் தேர்வின் மேல் எங்களுக்கு உள்ள பெரிய குறை இந்தச் செலவுதான். எனவே முதல் தடவைக்கே ரைட்டிங் தயாரானபிறகு பணம் கட்டுங்கள்: ஓஇடி தளத்தில் உள்ள இலவச மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதி, கடிதங்களை அளவுகோல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்திப் பாருங்கள். லிஸனிங், ரீடிங்கில் 42-க்கு 30-ஐத் தாண்டி நிலையாக வருகிறதா என்றும் பாருங்கள்.

புக் செய்யும்போது மெடிசின் பிரிவையே தேர்ந்தெடுங்கள், மொத்தம் 12 தொழில்களுக்கு இந்தத் தேர்வு இருக்கிறது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இனிஷியலை விரித்தோ தந்தை பெயரைச் சேர்த்தோ ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது முக்கியம். ஜிஎம்சி கணக்கையும் அதே பெயரில் திறங்கள்.

மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், பதிவு விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். முதல் பிளாப் சென்னையிலேயே எழுதலாம், இரண்டாவதுக்கு மான்செஸ்டர் போக வேண்டும், அதற்கு இடம் கிடைக்கக் காத்திருப்பும் உண்டு. பிளாப் படிப்பைத் தொடங்கவே இல்லையென்றால் ஓஇடியை இப்போதே எழுதி வைக்க வேண்டாம். முதல் பிளாப் பாடத்தில் பாதியாவது தாண்டியபின் எழுதினால் இரண்டு ஆண்டு தாராளமாகப் போதும்.