கழற்றி மாட்டும் பிளேட்டா, ஒட்டிவிடும் கிளிப்பா?

பிள்ளைக்குப் பல் தூக்கியிருக்கிறது என்று டாக்டரிடம் போனால் முதலில் செலவைக் கேட்கிறோம், அப்புறம் வெளியே தெரியுமா என்கிறோம். பிள்ளை அதை ஒழுங்காகப் போட்டிருப்பானா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தரும் ட்வின் பிளாக்கை 1977இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் உருவாக்கினார். மேலும் கீழும் இரண்டு பிளேட். வாயை மூடினால் அவற்றின் சரிவுகள் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளும். மளமளவென வளரும் வயதில்தான் நன்றாக வேலை செய்யும், சாப்பிடும்போதும் போட்டிருக்கலாம். தொல்லை முதல் சில நாள்களில்தான்: பேச்சு குழறும், எச்சில் ஊறும். வகுப்பில் ஒருவன் சிரித்துவிட்டால் போதும், பிளேட் பென்சில் டப்பாவுக்குள் போய்விடும்.

பல்வரிசையின் மேல் கழற்றி மாட்டும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைதான் அலைனர். இதில் கேலிக்கு இடமில்லை. ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், சாப்பிடும்போது கழற்றியாக வேண்டும். பள்ளி இடைவேளை, டியூஷன், சாயங்காலம் தட்டுவடை செட் என்று சேலத்துப் பிள்ளை எத்தனை முறை கழற்றுவான்? டிஷ்யூவில் சுற்றி வைத்தது அப்படியே குப்பைக்குப் போவதும் உண்டு. அடிக்கடி கொறிக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம் என்பேன்.

“போட்டிருக்கிறேன்மா” என்ற வார்த்தையை மட்டும் நம்ப முடியாது. பிளேட்டுக்குள் வெப்பத்தை உணரும் சிறு சென்சார் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், சொன்ன நேரத்தைவிடப் போட்டிருந்த நேரம் பெரும்பாலும் குறைவுதான். சென்சார் இல்லாவிட்டாலும் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். தினமும் போடுகிறவனுக்கு நாளடைவில் பேச்சு தெளிந்துவிடும். வாரக்கணக்கில் ஆகியும் குழறினால் சந்தேகப்படலாம்.

ஒட்டும் கிளிப்பில் இந்த ஒளிவுமறைவு கிடையாது. பதிலுக்குப் பல் துலக்குவதில் ஒழுங்கு வேண்டும். இல்லையென்றால் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும். தட்டையைக் கடித்தால், பல்லில் ஒட்டியிருக்கும் சிறு துண்டான பிராக்கெட் பெயரும். ரப்பர் பேண்ட் கொடுத்தால் அதையும் அவனேதான் மாட்ட வேண்டும்.

ஏற்காட்டில் விடுதியில் படிக்கும் பிள்ளை என்றால்? பிராக்கெட் பெயர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டியிருக்கும். இருந்தும் ஒட்டும் கிளிப்பையே சொல்வேன், கேட்டுப் பார்க்க அம்மா பக்கத்தில் இல்லையே. தாடைக்கும் ஹெர்ப்ஸ்ட் போலக் கழற்ற முடியாத கருவிகள் இருக்கின்றன.

கிளிப் எடுத்த பிறகு, பல் பழைய இடத்துக்கே திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் வரும். அதையும் போடமாட்டான் என்று தெரிந்தால், பல்லின் உள்பக்கம் ஒட்டும் கம்பி சரிவருமா என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.