அலுமினிய அச்சு என்று சொல்லி 8,400 பறித்த ஆள்: ஈயக்குண்டு வார்ப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தூண்டிலுக்கு வீட்டிலேயே ஈயக்குண்டு வார்ப்பவர்கள், முக்கியமாகத் தங்கள் அளவுக்கு அச்சு செய்யச் சொல்லிப் பணம் கட்டப் போகிறவர்கள், முழுக்கப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது 60 கிராம் குண்டு. அடி தட்டையாக இருக்க வேண்டும், ஓடும் தண்ணீரில் உருளாமல் மணலில் உட்கார வேண்டும். விற்கிற அச்சுகளில் அந்த வடிவம் இல்லை. கையில் இருந்த பழைய அச்சின் குழியை நானே தோண்டிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒத்து வரவில்லை. பல்வலிக்காரன் கன்னம் மாதிரி குண்டு ஒரு பக்கம் வீங்கிக்கொண்டு வந்தது. சரி, வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று, கைவேலைச் சாமான் விற்கும் ஒரு தளத்தில் தேடினேன். நாலு குழி அலுமினிய அச்சு, நம் வரைபடத்துக்கே செய்து தருவதாக ஒருவர் போட்டிருந்தார்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை அனுப்பிய அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "அண்ணே, 60 கிராம்னா குழி 5.3 கன சென்டிமீட்டர்தான் இருக்கணும். நீங்க வரைஞ்சிருக்கிற அளவுல 70 கிராம் போயிடும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். அவர் சொன்னது அப்படியே சரி. அடுத்த கேள்வி, "காற்று வெளியேற மெல்லிசா கோடு கீறி விடட்டுமா? இல்லேன்னா மூலை நிறையாது." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். நம் தவறைத் திருத்துகிறவன் நம்மை ஏமாற்ற மாட்டான் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். வெட்டுகிற வீடியோ கூட அனுப்பினார். வெள்ளி மாதிரி சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது. அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், வெட்கம்.

அப்புறம் வந்தது அந்தப் பேச்சு. "தளம் வழியா கட்டினா கமிஷன் பிடிச்சுக்கிறாங்க அண்ணே, நேரா அனுப்புங்க. கைப்பிடியை நம்ம செலவுல போட்டுத் தர்றேன்." கைப்பிடிக்கு ஆசைப்பட்டு 8,400 நேராக அனுப்பினேன். முழுப் பணமும், முன்கூட்டியே.

அச்சு வந்தது. கையில் எடுத்ததும் நல்ல கனம். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. "அடேயப்பா, கெட்டியான சாமான்" என்று சந்தோஷப்பட்டேன்.

வெளியே, காற்றோட்டமான இடத்தில் அடுப்பை வைத்து ஈயத்தை உருக்கினேன். குழிக்கு மெழுகுவர்த்திப் புகை காட்டினேன், அச்சைச் சூடாக்கினேன், எல்லாம் வழக்கம்போல. முதல் மூன்று ஊற்று ஒரு மாதிரி வந்தது. நாலாவதில் குண்டு கழலவே இல்லை. கட்டையால் மெதுவாகத் தட்டினேன். குண்டு வந்தது, அதோடு ஊற்றும் துளையின் உதடும் பெயர்ந்து வந்தது. குழியின் விளிம்பு, வெயிலில் வைத்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடக்கிறது. ஈயம் உருகுவது 327 டிகிரியில். அலுமினியம் 660 வரைக்கும் தாங்கும். ஈயம் ஊற்றி அலுமினியம் எப்படி இளகும்?

அச்சு ஆறியதும் கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தராசில் வைத்தேன்: 1,420 கிராம். அளவுக் குடுவையில் தண்ணீருக்குள் முக்கினால் 215 மில்லி ஏறுகிறது. வகுத்தால் 6.6. அலுமினியமாக இருந்தால் 2.7 வர வேண்டும், மொத்த எடையே 580 கிராம்தான் இருக்கும். 6.6 என்பது துத்தநாகக் கலவை, பொம்மைக் காரும் கதவுக் குமிழும் வார்க்கிற சாமான். அது 380 டிகிரி சுமாரிலேயே உருக ஆரம்பித்துவிடும். நாம் ஈயம் ஊற்றுகிற சூடே கிட்டத்தட்ட அதுதான். யாரோ வெட்டிய அலுமினியத்தை வீடியோவில் காட்டி, எதையோ வார்த்து, அரம் போட்டு அனுப்பியிருக்கிறார்.

இதில் என் முட்டாள்தனமும் ஒன்று உண்டு. அந்த உதடு ஒட்டிய குண்டைக் கவனிக்காமல் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிட்டேன். துத்தநாகம் கொஞ்சம் கலந்தாலே போதும், ஈயம் திரிதிரியாகிக் குழியை நிறைக்காது. மூன்று கிலோ ஈயமும் பாழ்.

படம் எடுத்து அனுப்பினேன். "சூடு அதிகமா வச்சிட்டீங்க அண்ணே." வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பினேன், 390. "அப்போ ஈரம் இருந்திருக்கும்." ஐயா, உருகிய ஈயத்துக்கு அடியில் ஈரம் மாட்டியிருந்தால் நீராவி ஈயத்தைத் தூக்கியடித்து என் முகம் வெந்திருக்கும். அச்சா உருகும்? எடைக் கணக்கை அனுப்பினேன். ஒரு நாள் பதிலே இல்லை. பிறகு "வீட்ல உடம்பு சரியில்ல, பாக்குறேன்." பிறகு "சாமான் சப்ளை பண்ணவரைக் கேட்கணும்."

அந்த இடைவெளியில்தான் நான் இன்னொரு தப்பு செய்தேன். விளிம்பையாவது சரிசெய்து பார்ப்போம் என்று அரத்தால் கொஞ்சம் ராவினேன். அதையும் வெள்ளந்தியாகப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில்: "நீங்களே கை வச்சிட்டீங்களே, இனிமே நாங்க பொறுப்பில்ல." பத்து நாளாக இழுத்தடித்த ஆள், இதற்கு மட்டும் இரண்டு நிமிடம்!

தளத்திடம் புகார் கொடுத்தேன். பணம் அவர்கள் வழியாக வரவில்லையாம், தலையிட முடியாதாம். புரிதலுக்கு நன்றியாம். 8,400 போனவனுக்கு நன்றி எதற்கு? அந்த விளம்பரம் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. கீழே "அருமையான வேலைப்பாடு" என்று புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பாவம், இன்னும் நாலாவது தடவை ஊற்றவில்லை போலிருக்கிறது.

விவரமாகச் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதினேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. தளத்துக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். அச்சு வந்ததும், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், தண்ணீரில் முக்கி எடை பாருங்கள், ஐந்து நிமிட வேலை. வீடியோ கேட்டால் உங்கள் பெயரை எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எது கோணலாக வந்தாலும் அரத்தைத் தொடாதீர்கள். 8,400. இப்போதுதான் மறுபடியும் செய்தி அனுப்பிப் பார்த்தேன், ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.