தலைக்கவசத்தின் உட்புறம்: தெளிப்பதா, துவைப்பதா?

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று வரும் எனக்குத் தலைக்கவசத்தின் உள்ளிருந்து எழும் புளித்த வாடை நெடுநாள் தொல்லையாக இருந்தது. ஓராண்டு காலம் நறுமணத் தெளிப்பானையே நம்பியிருந்தேன்; இப்போது உட்துணியைக் கழற்றித் துவைக்கும் முறைக்கு முழுமையாக மாறிவிட்டேன்.

தெளிப்பான் அரை நிமிட வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாடையை உண்டாக்குவது வியர்வையன்று, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களே. வியர்வையும் தலையெண்ணெயும் பஞ்சில் ஊறிக் கிடக்கும்வரை அவற்றுக்கு உணவு குறைவதில்லை. காலையில் தெளித்த மணம் பம்பலப்பிட்டியைத் தாண்டுமுன்னரே பழைய வாடையோடு கலந்து, முன்னிலும் மோசமாகிவிடும். அப்பச்சோடாவை இரவில் தூவிக் காலையில் தட்டியெடுப்பது சற்றுப் பயன் தந்தது; இரண்டு முறை மட்டுமே செய்து பார்த்ததால் அதற்குமேல் உறுதி கூற மாட்டேன்.

துவைப்பது கடினமன்று. பொத்தான்களை விடுவித்து உட்துணியையும் கன்னப் பஞ்சுகளையும் எடுத்து, குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி அழுத்தி அலச வேண்டும். முதல் முறை வாளி நீர் தேநீர் நிறமானதைக் கண்டபோதுதான், அதுவரை எதன்மீது மணம் தெளித்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

உண்மையான சோதனை உலர்த்துவதில்தான் இருக்கிறது. கொழும்பின் கடற்காற்றில் எப்போதும் ஈரப்பதன் மிகுந்திருப்பதால், தொட்டுப் பார்க்கையில் காய்ந்ததாகத் தோன்றும் கன்னப் பஞ்சு நடுவில் ஈரமாகவே இருக்கும். அந்த நிலையில் மாட்டிக்கொண்டு புறப்பட்டால் துவைக்காதிருந்ததைவிட அதிகமாக நாறும். ஆகவே பஞ்சுகளைத் துவாயில் சுற்றி, உள்ளங்கையால் பலமாக அழுத்தி நீரை வாங்கிய பின்னர், நிழலில் மின்விசிறிக்கு முன்னால் நிறுத்திவைக்கிறேன். சனிக்கிழமை காலையில் துவைத்தால் ஞாயிறு மாலைக்குள் காய்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் அதுவும் போதாமல் போவதுண்டு. இதற்காகவே பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி இன்னொரு சோடி உட்துணி வாங்கி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

உள்ளேயிருக்கும் ரெஜிபோம் (தெர்மக்கோல்) படையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மோதலின் விசையை உள்வாங்குவது அதுவே. பெற்றோலும் தின்னரும் அதை அரித்துவிடும் என்பதால் அவற்றைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

உட்துணி ஒட்டியே இருக்கும் தலைக்கவசத்துக்கு இந்த வழி பொருந்தாது. தம்பியின் அத்தகைய தலைக்கவசத்தை ஒரேயொரு முறை ஷாம்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்தேன். காய்வதற்கு இரண்டு முழு நாட்கள் பிடித்தன. அதன் பிறகு அவர் மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றை உள்ளே அணிந்து, அதை மட்டும் தினமும் துவைத்து வருகிறார்.