ஐரோப்பாவில் பிஎச்டி: நெட்வொர்க்கா, பல்கலைக்கழகச் சம்பளமா, உதவித்தொகையா?

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் வெளிநாட்டு ஸ்காலர் ஒருவரை எடுக்க நினைத்தால், பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி ஆய்வு நிதித் திட்டத்தில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்டி மாணவர்களை எடுக்கும் டாக்டோரல் நெட்வொர்க், பல்கலைக்கழகத்தின் சம்பளப் பணியிடம், மாணவர் தானே வாங்கி வரும் உதவித்தொகை. மூன்றில் நெட்வொர்க்குக்குத்தான் மவுசு அதிகம். அந்த மவுசு எல்லோருக்கும் பொருந்தாது.

முதலில் பணம். 2021 முதல் 2024 வரையிலான நெட்வொர்க் அழைப்புகளில் (நிதிக்கு விண்ணப்பிக்கக் கோரும் அறிவிப்புகளில்) வாழ்க்கைப்படி மாதம் 3,400 யூரோ, இடப்பெயர்வுப்படி 600 யூரோ. இந்த 4,000 யூரோவைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். வேலை தருபவர் கட்டவேண்டிய காப்பீட்டுப் பங்கும் இதற்குள்ளேயே அடக்கம். ஜெர்மனியில் அதைக் கழித்தால் சம்பளச் சீட்டில் 3,200, 3,300 வரும். வரியும் பிடித்தமும் போகத் தனியாளுக்கு 2,100, 2,200 வாக்கில் கைக்கு வரும். குடும்பம் இருந்தால் தனிப்படி உண்டு.

ஜெர்மன் பல்கலைக்கழகப் பணியிடம் மாநில ஊதிய அட்டவணையின் 13-ஆம் பிரிவில் வரும். முழு வேலைக்கு 2025-இல் தொடக்கச் சம்பளமே 4,600 யூரோவைத் தாண்டுகிறது. ஆனால் முழு வேலை கிடைப்பது துறையைப் பொறுத்தது. கணினி அறிவியலில் 100 சதவீதம் சகஜம். உயிரியலில் 65 சதவீத ஒப்பந்தம்தான் வழக்கம், அதாவது சுமார் 3,000 யூரோ. ஆகவே உயிரியல்காரருக்கு நெட்வொர்க் லாபம், கணினிக்காரருக்கு நஷ்டம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் முனைவர் உதவித்தொகை 2024-இல் மாதம் 1,300 யூரோ. மருத்துவக் காப்பீடு கிடைக்கும், ஓய்வூதியக் கணக்கில் எதுவும் ஏறாது. கைடுக்கு இலவசமாக ஓர் ஆள். ஸ்காலருக்குக் கையைக் கடிக்கும்.

அடுத்தது, பலரும் விளம்பரத்தில் கடைசியாகப் படிக்கும் விதி. நெட்வொர்க்கில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் தங்கியோ படித்தோ இருக்கக்கூடாது. கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ முதுகலை முடித்தவருக்கு இது தடையே இல்லை. ஜெர்மனியின் ஆகன் நகரில் இரண்டு வருடம் எம்.எஸ். படித்துவிட்டு அங்கேயே தொடர நினைப்பவருக்குக் கதவு மூடிவிடும். அவர் எல்லை தாண்டி நெதர்லாந்துக்கோ பெல்ஜியத்துக்கோ விண்ணப்பிக்கலாம். கைடுக்கும் இதே சிக்கல்தான்: தன்னிடமே முதுகலை ஆய்வேடு எழுதிய நல்ல மாணவரை வைத்துக்கொள்ள முடியாது. மற்ற இரண்டு வழிகளில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமை இல்லை.

பயிற்சி விஷயத்தில் நெட்வொர்க்கோடு மற்றவை போட்டியிட முடியாது. குறைந்தது மூன்று நாடுகளின் மூன்று நிறுவனங்கள் சேர வேண்டும் என்பது விதி. ஒப்பந்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வேறு கூட்டாளியிடம், ஒரு கம்பெனியில்கூட, போய் வேலை செய்யலாம். கூடவே ஒரே தலைப்பின் வெவ்வேறு மூலைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சக ஸ்காலர்கள். பல்கலைக்கழகப் பணியிடத்தில் இப்படி ஒரு வட்டத்தை நாமேதான் தேடிச் சேர்க்க வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே? காலத்தில். அந்த 2021-2024 அழைப்புகளின் வழக்கமான நெட்வொர்க்கில் ஒருவருக்கு அதிகபட்சம் 36 மாதங்களுக்குத்தான் பணம். நெதர்லாந்தில் பிஎச்டி நான்கு வருட வேலை. ஜெர்மனியிலும் மூன்றில் முடிப்பவர் குறைவு. செகண்ட்மென்ட் (வேறு கூட்டாளியிடம் போய்ச் செய்யும் வேலை), பயிற்சி முகாம், அறிக்கை எல்லாம் அந்த மூன்று வருடத்தைத்தான் தின்னும். நான்காம் வருடத்துக்கு யார் தருவது? ஆய்வுக்கூடம்தான். கையிருப்பு இல்லாத சிறிய குழு நெட்வொர்க்கில் இடம் வாங்குவது என் பார்வையில் ஸ்காலருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு நெருக்கடி: அந்த அழைப்புகளில் திட்டத்தின் மொத்த ஆயுள் 48 மாதம், பணமோ ஆள் வேலை செய்த மாதக் கணக்கில். முதல் வருடத்துக்குள் ஆளைச் சேர்த்தால்தான் முழு 36 மாதமும் கிடைக்கும். விசா தாமதமாகி 15-ஆம் மாதம் சேர்ந்தால், போன மாதங்கள் போனவைதான். பல்கலைக்கழகப் பணியிடத்தில் தொடக்கத் தேதியைத் தள்ளிப்போட இதைவிட இடம் உண்டு.

உயிரியல், வேதியியல், பொருளறிவியல் பக்கம் இருப்பவர், நான்காம் வருடத்துக்குக் கைடு எழுத்தில் உறுதி தந்தால், நெட்வொர்க்கையே எடுக்கலாம். கணினித் துறையில் முழுச் சம்பளப் பணியிடம் கிடைத்தாலோ, நெதர்லாந்தில் நான்கு வருட வேலை கையில் இருந்தாலோ, நெட்வொர்க் என்ற பெயருக்காக அதை விட வேண்டாம். உதவித்தொகையைக் கடைசியில் வைப்பேன். விரும்பிய கைடிடம் போக வேறு வழியே இல்லை என்றால் மட்டும். அப்போதும் படிப்பு நீண்டால் பகுதிநேர ஒப்பந்தமாவது தருவாரா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள். பறித்தால் அந்தக் கைடு நமக்கு வேண்டாம்.